பூஜ்யம் வர வேண்டிய வாரம்

சாரி-தால் நகரத்துப் பள்ளியில் மனநல ஆலோசகர் பதவி ஆறு வருடம் காலியாகக் கிடந்தது. ஏழாவது வருடம் அதில் பாதியைத் தூக்கி அனார்குல்லிடம் கொடுத்தார்கள். பாதிப் பதவி, பாதிச் சம்பளம். பிள்ளைகளின் கவலைகள் மட்டும் முழுசாகவே வந்தன.

அனார்குல் படித்தது புவியியல். கிர்கிஸ் நாட்டு ஆறுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவாள். ஒரு பிள்ளையின் மனசு எங்கே தொடங்கி எங்கே போய் விழுகிறது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் செய்தாள்.

"அதனால என்ன தங்கச்சி? உங்களுக்குப் பொறுமையான முகம்," என்றார் தலைமை ஆசிரியர் ஷர்ஷென்பெக். "இந்த வேலைக்கு முகந்தான் முக்கியம். மத்தத மாவட்டத்துலேருந்து புத்தகமா அனுப்புவாங்க."

அனுப்பினார்கள். நாற்பது பக்கம். உலக உருண்டைகளும் கிழிந்த வரைபடங்களும் அடைந்து கிடந்த சாமான் அறையில் ஒரு மேசை போட்டு, கதவில் 'மனநல ஆலோசகர்' என்று அட்டை ஒட்டினார்கள். மூன்று மாதத்தில் அந்தக் கதவைத் தட்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் சுண்ணாம்புக்கட்டி கேட்டு வந்தார். இன்னொருவர் வழி தவறி வந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து மாவட்டத்தில் இரண்டு பிள்ளைகள் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். அந்தச் செய்தி கேட்டு அனார்குல் தொழுகைக்குப் பிறகு வெகுநேரம் கையேந்தி உட்கார்ந்திருந்தாள். மாவட்டக் கல்வி அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படிவம் எண் நான்கு என்று ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது.

அபாயத்தில் இருக்கும் பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது என்று அந்தத் தாள் சொல்லிக்கொடுத்தது. கறுப்பு உடை உடுத்தினால் ஒரு புள்ளி. தனியாக உட்கார்ந்தால் ஒரு புள்ளி. பெற்றோரில் ஒருவர் மட்டும் இருந்தால் இரண்டு. பெற்றோர் வேலைக்காக ரஷ்யா போயிருந்தால் இரண்டு. நல்ல மாணவர் என்றால் இரண்டு புள்ளி கழித்துக்கொள்ள வேண்டும். இது தவிர, பிள்ளைகளே பதில் எழுத முப்பது கேள்விகள். பள்ளி முதல் தடவை கணக்கெடுத்தபோது பதினோரு பேர் அபாயத்தில் இருப்பதாக வந்துவிட்டது. பதினொன்று என்பது கூடாத எண் என்று மாவட்டம் கோபித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஓர் ஆய்வுக் கமிஷன் வரும், அதற்குள் 'நிலைமை சீராக வேண்டும்' என்று கடிதம் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆசிரியர் கூட்டம். முக்கால் மணி நேரம் நடந்தது. அதில் நாற்பது நிமிடம் ஆட்டைப் பற்றிப் பேசினார்கள்.

ஆடு அடிப்பது என்று முதல் நிமிடமே முடிவாகிவிட்டது. விருந்தாளிக்கு வைக்கிற துண்டில்தான் அவருடைய மரியாதை; எந்தத் துண்டு யாருக்கு என்பதுதான் சிக்கல். கமிஷனின் தலைவி ஒரு பெண். அவரோடு வருகிற டிரைவரோ எழுபதைத் தொட்டவர், வெள்ளைத் தாடிக்காரர்.

"ஆட்டுத் தலைய டிரைவர் முன்னாடி வெச்சா அந்தம்மா என்ன நினைக்கும்?" என்றார் கணக்கு ஆசிரியர்.

"அந்தம்மா முன்னாடி வெச்சா டிரைவர் என்ன நினைப்பாரு? வயசுக்கு ஒரு மரியாத வேணாமா?"

"இடுப்பெலும்ப அந்தம்மாவுக்குக் கொடுத்துடலாம்."

"போன வருஷம் தீயணைப்புக்காரங்க வந்தப்ப இடுப்பெலும்ப மாத்திக் கொடுத்துட்டு என்ன பாடு பட்டோம்! அடுத்த நாளே படிக்கட்டு சரியில்லன்னு எழுதிட்டாங்க."

கடைசி ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கு வந்தார்கள். ஷர்ஷென்பெக் படிவம் எண் நான்கைக் கையில் எடுத்தார்.

"பெற்றோர் ரஷ்யாவுல இருந்தா ரெண்டு புள்ளின்னு போட்டிருக்கு. இத அடிச்சுடுங்க. பள்ளிக்கூடத்துல பாதிப் பேரோட அப்பா அம்மா அங்கதான் இருக்காங்க. அது அபாயம் இல்ல, நம்ம ஊரு. அப்புறம் அந்த முப்பது கேள்வி. பிள்ளைங்க புரியாம கண்டபடி எழுதிடுது. அனார்குல், சரியான பதில போர்டுல எழுதிப் போட்டுடுங்க. பாத்து எழுதட்டும்."

"மனசுல இருக்கறதுக்கு சரியான பதில்னு எப்படிண்ணே?"

"இருக்கு. நான் எழுதித் தர்றேன்," என்றார் அவர்.

புதன்கிழமை ஒன்பதாம் வகுப்பில் அனார்குல் தன் கைப்படவே கரும்பலகையில் எழுதினாள். ஒன்று: ஆம். இரண்டு: இல்லை. மூன்று: இல்லை. கையெழுத்து அழகாக வந்தது. அதற்காகப் பிறகு அவள் வெட்கப்பட்டாள்.

தாளில் பெயர் எழுத வேண்டாம், ரகசியம் காக்கப்படும், வருகைப் பதிவேட்டு எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்று மேலே அச்சிட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு வகுப்பு சிரித்தது.

"அக்கா," என்று ஒரு பையன் எழுந்தான். அந்தப் பள்ளியில் ஆசிரியைகள் எல்லாரும் பிள்ளைகளுக்கு அக்காதான். "'இரவில் நன்றாகத் தூங்குகிறேன்'னு கேக்குது. போர்டுல 'ஆம்'னு இருக்கு. எங்க வீட்ல தம்பிப் பாப்பா ராத்திரி பூரா கத்துறான்."

"'ஆம்'னு போடு."

"போட்டா கத்தறத நிறுத்திடுவானா?"

"உக்காருடா," என்றாள் அனார்குல். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளி விட்ட பிறகு சாமான் அறையில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினாள். இருபத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தேழு தாள்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. அத்தனை பேரும் நன்றாகத் தூங்கினார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள், நாளைய பொழுதை ஆவலோடு எதிர்பார்த்தார்கள். இருபத்தெட்டாவது தாளும் அப்படித்தான், இருபத்து மூன்றாம் கேள்வி வரைக்கும். 'உயிரோடு இல்லாமல் இருந்தால் நல்லது என்று கடந்த இரண்டு வாரத்தில் நினைத்ததுண்டா?' அங்கே 'இல்லை' என்பதில் போட்ட குறியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, 'ஆம்' என்பதில் மெல்லிசாக ஒரு குறி. அளவுகோல் வைத்து அடித்த கோடு.

எண்ணைப் பதிவேட்டில் பார்த்தாள். பெகிமாய்.

வகுப்பில் முதல் மாணவி. வெள்ளிக்கிழமை கமிஷன் முன்னால் வரவேற்புக் கவிதை சொல்லப்போகிறவள். அப்பா அம்மா இரண்டு பேரும் மாஸ்கோவில். பெரியப்பா வீட்டில் வளர்கிறாள். ரஷ்யாவுக்கான இரண்டு புள்ளியைத்தான் அடித்தாகிவிட்டதே. நல்ல மாணவி என்பதற்காக இரண்டைக் கழித்தால் மைனஸ் இரண்டு. படிவம் எண் நான்கின்படி பெகிமாய் தேவைக்கு மேலேயே உயிரோடு இருந்தாள்.

அனார்குல் தாளை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடினாள். ஷர்ஷென்பெக் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"அடித்தல் திருத்தல் இருக்கே!"

"அண்ணே, எதுல திருத்தியிருக்கான்னு படிங்க."

"படிச்சேன், படிச்சேன். அரசாங்கத் தாள்ல திருத்தம் இருக்கக் கூடாது, தங்கச்சி. புதுத் தாள் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு அவளக் கூப்பிட்டு அழகா எழுதி வாங்கிடுங்க."

"அந்தப் பொண்ணு நிஜமாவே அப்படி நினைச்சா?"

"பெகிமாயா? அவளுக்கு என்ன குறை? எல்லாப் பாடத்துலயும் அஞ்சுக்கு அஞ்சு. கை தவறியிருக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் தூக்கம் கம்மியாயிருக்கு. முகத்துல தெரியுது."

கெட்ட மனிதர் அல்ல அவர். குளிருக்குக் கையுறை இல்லாமல் வந்த பிள்ளைக்குத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தவர்தான். ஆனால் கை விறைத்தால் கண்ணுக்குத் தெரியும். தெரிகிற குளிருக்கு மட்டும் இரங்கப் பழகிய நல்லவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. அவர்களைத் திட்டவும் முடிவதில்லை. நம்பி ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வரவும் முடிவதில்லை.

வியாழக்கிழமை முதல் மணியிலேயே பெகிமாயைக் கூப்பிட்டாள். மெலிந்த பெண். பதினைந்து வயது. இஸ்திரி போட்ட வெள்ளைக் காலர், இறுக்கிப் பின்னிய சடை. உலக உருண்டைகளுக்கு நடுவில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தாள். அனார்குல் மேசைக்கு அடியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். கவனமாகக் கேட்பது எப்படி என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. பதினைந்து விநாடிக்கு ஒரு முறை தலையசைக்கவும். 'சாவு' என்ற சொல்லைத் தவிர்க்கவும். அது பிள்ளைகளுக்கு இல்லாத யோசனையை உண்டாக்கும்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லாருக்கேன்."

அனார்குல் தலையசைத்தாள். பதினைந்து விநாடி கழித்து மறுபடியும் அசைத்தாள்.

"அக்கா, கழுத்து வலியா?"

"இல்லையே, ஏன்?"

"தலைய ஆட்டிக்கிட்டே இருக்கீங்க. நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"புத்தகத்துல அப்படிப் போட்டிருக்கு."

பெகிமாயின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. "புதுத் தாள்தானே? கொடுங்க, எழுதித் தர்றேன். அதுக்குத்தானே கூப்பிட்டீங்க? ரெண்டாவது மணி பௌதிகம், நான் போகணும்."

வெற்றுத் தாள் மேசைமேல்தான் இருந்தது. அனார்குல் அதை எடுத்தாள். இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், குனிந்து மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் செருகினாள். புத்தகத்தையும் மூடினாள். மனசுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டாள்.

"பெகிமாய், செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?"

அந்தச் சொல் வெளியே வந்ததும் கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்தப் பெண்ணின் தோள்கள்தான் ஒரு விரல் அளவு இறங்கின.

"ராத்திரியில தோணும்," என்றாள் பெகிமாய். "செய்யணும்னு இல்லக்கா. எப்படின்னெல்லாம் யோசிக்கல. காலையில எழுந்திரிக்காம இருந்தா நல்லாருக்குமேன்னு. முன்னாடி எப்பவாவது வரும். இப்ப தினம் வருது."

"எப்பலேருந்து?"

"ஆகஸ்டுலேருந்து. தூக்கம் போச்சு. அப்புறம் சாப்பாடு ருசிக்கல. அப்புறம் எதுவுமே..." கையை விரித்தாள். "மார்க் மட்டும் வருது. அது எப்படி வருதுன்னே தெரியல. கை தானா எழுதுது."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மா தினம் போன் பண்ணும். கடையில தரை துடைக்கிற வேலை. இடுப்பு வலின்னு அழும். 'நீ அஞ்சு மார்க் வாங்கிட்டேன்னு கேட்டா வலி போயிடுதுடி'ன்னு சொல்லும். நான் போய் எனக்கு வாழப் பிடிக்கலைன்னா, அம்மா எதுக்காகத் துடைக்குதுன்னு ஆயிடும் இல்ல?"

இந்தத் தடவை அனார்குல்லுக்குத் தலையசைக்கத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். "தாள்ல ஏன் திருத்தின? போர்டுல 'இல்லை'ன்னுதானே எழுதிப் போட்டிருந்தேன்?"

"யாரும் படிக்கமாட்டீங்கன்னு தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

பெகிமாய் உலக உருண்டை ஒன்றை விரலால் சுற்றினாள். "ஒருவேள படிச்சுட்டீங்கன்னா..."

அனார்குல் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது மணி அடித்தது. பௌதிகம் பெகிமாய் இல்லாமலே நடந்தது.

அன்று மதியம் அவளைத் தனியே அனுப்பாமல் கூடவே வீடு வரை நடந்தாள் அனார்குல். பெரியப்பா டாக்ஸி ஓட்டிக்கொண்டு தலைநகர் பிஷ்கெக் போயிருந்தார். பெரியம்மா துர்சுனாய் வாசலில் கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தாள். பருமனான உடம்பு, பெரிய குரல். விஷயத்தைக் கேட்டதும் அந்தக் குரல் பாதியாகிவிட்டது.

"மெதுவா பேசுங்க, பக்கத்து வீட்ல காது வெச்சுக் கேப்பாங்க. மனநல டாக்டரா? அங்க பேர் எழுதினா அது அழியாதுங்க. நாளைக்கு யூனிவர்சிட்டில கேப்பான். மறுநாள் பொண்ணு பாக்க வர்றவன் கேப்பான். சாப்பிடறா, குளிக்கிறா, மார்க் வாங்கறா. இன்னும் என்ன வேணும்?"

"டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டுந்தான் நம்ம ஊருக்கு வர்றாரு. பெரியவங்க யாராவது கையெழுத்துப் போடணும்."

"நாளைக்கா? நாளைக்கு எனக்கு உங்க பள்ளிக்கூடத்துலதான் வேலை. கமிஷனுக்கு பூர்சோக் பலகாரம் பொரிக்கணும். ரெண்டு வாளி மாவு!"

"சரி, நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. இன்னிக்கு ராத்திரி அவ பக்கத்துலயே படுங்க. தூங்கறாளான்னு பாருங்க."

"விளக்குப் பிடிச்சுப் பாக்கச் சொல்றீங்களா?"

"ஆமா, பிடிச்சுப் பாருங்க," என்றாள் அனார்குல்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கமிஷன் வண்டி நகரத்துக்குள் நுழைகிற நேரத்தில், அனார்குல்லும் பெகிமாயும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பச்சை பெயின்ட் அடித்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஆறு பேர். எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் யாரும் யாரையும் அங்கே பார்த்ததில்லை என்பது அந்தத் தாழ்வாரத்தின் சட்டம்.

போன் அடித்தது.

"தங்கச்சி, எங்க இருக்கீங்க? கோப்பு எங்க? கவிதை சொல்ற பொண்ணு எங்க?" ஷர்ஷென்பெக்கின் மூச்சு வாங்கியது.

"பெகிமாயோட டாக்டர் வாசல்ல இருக்கேன்."

"இன்னிக்கா! திங்கக்கிழமை போகக் கூடாதா?"

"டாக்டர் திங்கக்கிழமை வர்றதில்லண்ணே."

"கமிஷன் அம்மா மொத வேலையா மனநல ஆலோசகர் எங்கன்னு கேக்கும். நான் என்ன சொல்றது?"

"மனநல வேலையா போயிருக்காங்கன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா பள்ளிக்கூடத்துல அப்படி ஒரு வேலை இருக்குன்னு ஆயிடுமே!"

"அப்ப எனக்குத் தலைவலின்னு சொல்லுங்க," என்று போனை அணைத்தாள். நாற்பத்து மூன்று வயதில் ஒரு மேலதிகாரியின் பேச்சை அவள் பாதியில் வெட்டியது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்குப் பிரச்சனை ஆயிடும்க்கா," என்றாள் பெகிமாய்.

"பாதிப் பதவிதானே. பாதிப் பிரச்சனைதான் வரும்."

பெகிமாய் சிரித்தாள். மூக்கால் வந்த சின்னச் சிரிப்பு. சிரித்துவிட்டோமே என்று அவளே திகைத்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் மெலிந்த மனிதர், பிஷ்கெக்கிலிருந்து வருகிறவர். வேகமாகப் பேசவில்லை. பெகிமாயைத் தனியாக வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு அனார்குல்லை உள்ளே கூப்பிட்டார்.

"நேராக் கேட்டீங்களாமே?"

"கேட்கக் கூடாதுன்னு புத்தகத்துல இருந்தது. தப்பா?"

"புத்தகம்தான் தப்பு. கேட்டதாலதான் இங்க வந்திருக்கா. இது வியாதி. மருந்து இருக்கு, பேச்சு இருக்கு, குணமாகும். வாரா வாரம் வரணும். ஆனா வீட்டுப் பெரியவங்க கையெழுத்து இல்லாம நான் தொடங்க முடியாது. நீங்க யாரு இவளுக்கு?"

"புவியியல் டீச்சர்," என்றாள் அனார்குல்.

அப்போதுதான் தாழ்வாரத்தில் ஒரு சத்தம் கேட்டது. மனநல டாக்டர் வாசலில் இவ்வளவு சத்தமாக யாரும் பேசி அந்த ஆஸ்பத்திரி பார்த்ததில்லை.

"எந்த ரூமு? தள்ளுய்யா, வரிசை எனக்கும் தெரியும்! எங்க வீட்டுப் பொண்ணு உள்ள இருக்கா!"

துர்சுனாய் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஏப்ரன், முழங்கை வரைக்கும் மாவு, உடம்பெல்லாம் எண்ணெய் வாசனை.

"ராத்திரி மூணு தடவ டார்ச் அடிச்சுப் பாத்தேன்," என்று யாரும் கேட்காமலே சொன்னாள். "மூணு தடவையும் கண்ணத் தொறந்துகிட்டு மோட்டப் பாத்துக்கிட்டுக் கெடக்கா. நான் என்னத்தச் சொல்ல? காலையில பூர்சோக் போட்டுக்கிட்டிருக்கேன், உங்க ஹெட்மாஸ்டர் வந்து, 'இன்னிக்குன்னு பாத்து அந்தப் பொண்ணுக்கு மூள கெட்டுப்போச்சே'ங்கறாரு. யாரு பொண்ணுக்கு? எங்க பொண்ணுக்கா? ஜல்லிக் கரண்டிய எண்ணெயிலயே போட்டுட்டு வந்துட்டேன். எங்கய்யா கையெழுத்து?"

"உக்காருங்கம்மா. பேர் பதிவாகுமேன்னு பயப்பட வேண்டாம், இத..."

"பதிவாகட்டும்! ஆள் இருந்தாத்தானே பேர் பதிய முடியும்?" தாளில் மாவு விரல்களோடு கையெழுத்துப் போட்டாள். "இவ அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். அழுவா. அழட்டும், நானும் சேந்து அழறேன்."

டாக்டர் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொன்னார். மருந்தைப் பெரியவர்கள் கையில் வைத்திருந்து கொடுக்க வேண்டும். ராத்திரி தனியாக விடக் கூடாது. மறுபடி அந்த நினைப்பு வந்தால் எந்த நேரத்திலும் எழுப்பிச் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கொஞ்ச நாளைக்கு மார்க்கைப் பற்றிக் கேட்கக் கூடாது.

"கேட்கக் கூடாதா?" துர்சுனாய் உண்மையாகவே குழம்பிப்போனாள். "பள்ளிக்கூடத்துலேருந்து வந்ததும் அதத்தானே கேப்போம். வேற என்னத்தக் கேக்கறது?"

"வேற ஏதாவது கேளுங்க," என்றார் டாக்டர்.

கமிஷன் மத்தியானம் வரை சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாகத் திரும்பியது. மறுவாரம் வந்த அறிக்கை இப்படி இருந்தது: அபாயத்தில் உள்ள மாணவர் எண்ணிக்கை பூஜ்யம். முன்மாதிரிப் பள்ளி. ஒரே குறை, ஆய்வு நாளன்று மனநல ஆலோசகர் தமது பணியிடத்தில் இல்லை. அவருக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. மேலே ஒருவன் இந்த உலகத்துக்கென்று வைத்திருக்கிற பதிவேட்டில் அந்த வெள்ளிக்கிழமை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். அனார்குல் நம்பினாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மூன்று பேரும் வீட்டுக்குப் போகிற மினிபஸ்ஸில் கடைசி சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெகிமாய். ஜன்னலில் பனி படிந்திருந்தது. துர்சுனாய் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். என்னவோ கேட்க வேண்டும் என்று தவிக்கிறாள், கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியை டாக்டர் பிடுங்கிக்கொண்டுவிட்டார் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. அனார்குல் பார்க்காததுபோல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் சந்தையைத் தாண்டியது. பாலத்தைத் தாண்டியது. துர்சுனாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"ஏய் பெகிமாய்... நான் சூப்புல வெங்காயம் போடறேனே, அது உனக்குப் பிடிக்குமா?"

பெகிமாய் திரும்பி அவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். அந்த வீட்டில் மூன்று வருடமாக அவளிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"பிடிக்காது, பெரியம்மா."

"பிடிக்காதா! மூணு வருஷமா ஒவ்வொரு சட்டியிலயும் போடறேன்! சொல்லித் தொலைக்கறதுக்கென்னடி?" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினாள் துர்சுனாய். கத்திக்கொண்டே, மாவு காய்ந்த கையால் அந்தப் பெண்ணின் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.